தலை துலுக்குகிறவர்கள்

வேதபாடம்

வாசிக்கவேண்டிய பகுதிகள்: யோபு 2:11-13, 16:1-10, 42:10, 11, சங்கீதம் 22, 69, ஏசாயா 58:6-10, மாற்கு 15:16-32



லெந்து காலத்தில் நம்முடைய சபைகளில் ஆணிகளைக் குறித்தும் முள்முடியைக் குறித்தும் அநேக பிரசங்கங்களைக் கேட்கிறோம். ஆனால் பாடுகளின் வரலாற்றில் ஒரு துளி இரத்தமும் சிந்தாத ஒரு காரியமும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வழியாய்ப் போனவர்கள் சிலுவையைப் பார்த்துத் தங்கள் தலையைத் துலுக்கினார்கள். மத்தேயு அதை எழுதுகிறார் (27:39). மாற்குவும் எழுதுகிறார் (15:29). ஒருவர் உயிர்விடுகிற வேளையில், சாலையில் போனவர்களுடைய தலை எப்படி அசைந்தது என்பதைக் குறித்துவைக்க என்ன அவசியம் இருந்தது?

மருத்துவமனையில் ஊழியம் செய்கிறவர்களுக்கு இது பெரிய புதிர் அல்ல. கட்டிலில் கிடக்கிறவர், நாம் வாய் திறப்பதற்கு முன்பே நம் முகத்தை வாசித்துவிடுகிறார். மூக்குக்குப் போகிற கைக்குட்டை, ஒதுக்கிப் பிடிக்கிற சேலைத் தலைப்பு, கட்டிலைத் தொடாமல் நிற்பதற்காக நாம் விடுகிற இரண்டடி தூரம், இவை ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் பாதி மறந்திருப்பார். பார்க்க வந்த மைத்துனர் எந்த இடத்தில் நின்றார் என்பது மட்டும் அப்படியே நினைவில் இருக்கும். ஆகவே இம்முறை, திருமறையில் வருகிற பரியாசச் சைகைகளை எடுத்துத் தியானிக்கிறோம்.

வாய் பேசாத நிந்தை

வேதத்தில் நிந்திக்கிறவன் தன் உடம்பு முழுவதையும் அதற்குப் பயன்படுத்துகிறான். சங்கீதம் 22-ல் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சங்கீதம் 35-ல் கண் சிமிட்டுகிறார்கள், பல்லைக் கடிக்கிறார்கள், வாயை விரிவாய்த் திறக்கிறார்கள். ஏசாயா 57:4-ல் நாக்கை நீட்டுகிறார்கள். எருசலேம் விழுந்தபோது வழிப்போக்கர் கைகொட்டினார்கள் (புலம்பல் 2:15). அம்மோன் புத்திரர் கைகொட்டினதோடு நில்லாமல் காலாலும் தரையைத் தட்டினார்கள் (எசேக்கியேல் 25:6). தப்பியோடுகிற தாவீதின்மேல் சீமேயி கல்லும் மண்ணும் எறிந்தான் (2 சாமுவேல் 16).

இவற்றில் பலவற்றுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. உதட்டைப் பிதுக்குவதும் கைகொட்டிச் சிரிப்பதும் நம் ஊர்களிலும் அதே பொருள்தான். ஊர் கைகொட்டிச் சிரிக்குமே என்று பயந்து, வீட்டில் ஒருவருக்கு வந்த நோயை மாதக்கணக்கில் மூடிவைக்கிற குடும்பங்களை இன்றும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பார்க்கிறோம்.

'ஈசல் போடுதல்' என்ற சொல் மட்டும் வாலிபரைத் தடுமாற வைக்கிறது. மழைக்குப்பின் விளக்கைச் சுற்றுகிற ஈசலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதட்டைக் குவித்துச் சீழ்க்கை போல ஓசை எழுப்புவது அது. எரேமியா 19:8, செப்பனியா 2:15 முதலிய இடங்களில், பாழாய்ப்போன பட்டணத்தைக் கடந்து போகிறவர்கள் இப்படிச் செய்கிறார்கள். இதில் இகழ்ச்சி மாத்திரம் அல்ல, அச்சமும் உண்டு என்று சில வேத ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். இந்த அழிவு என்மேல் ஒட்டிக்கொள்ளக்கூடாதே என்று, தீங்கை ஓட்டுகிற ஓசையாக அது பிறந்திருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு அது சரியென்றே படுகிறது. நோயாளியைக் கண்டு முகத்தைத் திருப்புகிறவர்களில் அநேகர் கொடியவர்கள் அல்ல, பயந்தவர்கள்.

துலுக்குகிற தலை

இனி அந்தத் தலையைக் கவனிப்போம். நம் வேதாகமத்தில் 'துலுக்கி' என்ற சொல் இருப்பது நல்லதாயிற்று. 'அசைத்து' என்று மட்டும் போட்டிருந்தால் நாம் வேறாய் விளங்கிக்கொள்ள இடம் உண்டு. தலையை இரு பக்கமும் சாய்த்து ஆட்டினால் நம் நாட்டில் 'ஆகட்டும்', 'சரி' என்று அர்த்தம். மேல்நாட்டிலிருந்து புதிதாய் வந்த டாக்டர்மார், நம் ஜனங்கள் தலையாட்டுவதைப் பார்த்து, வலிக்கிறது என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று தெரியாமல் நர்ஸ் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது உண்டு. பாலஸ்தீன நாட்டிலும் தலை அசைவுக்கு ஒரே அர்த்தம் இருக்கவில்லை.

கி.மு. 701-ல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்து, எருசலேமையும் மிரட்டினான். ரப்சாக்கே மதிலின் அருகே நின்று, காவலர் காதில் விழும்படி யூத பாஷையிலேயே எசேக்கியாவை ஏளனம் செய்தான். அப்பொழுது ஏசாயா தீர்க்கதரிசி சொல்லி அனுப்பின பதிலில் எருசலேம் ஒரு குமாரத்தியாக நிற்கிறாள். போகிற சனகெரிப்பின் முதுகுக்குப்பின் அவள் தலையைத் துலுக்குகிறாள் (ஏசாயா 37:22). முற்றுகைக்குள் அடைபட்டவள் பேரரசனைப் பார்த்துச் செய்கிற சைகை அது. எலியாவும் கர்மேலில் பாகாலின் தீர்க்கதரிசிகளைப் பரியாசம் செய்தார். ஆகவே எல்லாப் பரியாசத்தையும் வேதம் ஒரே தராசில் நிறுக்கிறது என்று எண்ணவேண்டாம். எளியவன் தன்னை நெரிக்கிறவனைப் பார்த்துத் தலை துலுக்குவது வேறு. நின்றுகொண்டிருக்கிறவன் விழுந்தவனைப் பார்த்துத் துலுக்குவது வேறு.

இதைவிட ஆழமான ஒன்று எபிரெய மொழியில் இருக்கிறது. தலை அசைத்தலைக் குறிக்க வருகிற சொற்களில் ஒன்று 'நூத்'. அசைதல், ஆடுதல், நிலையில்லாமல் அலைதல் என்பவை அதன் பொருள்கள். காயீன் போய்க் குடியிருந்த 'நோத்' தேசத்தின் பெயரும் இந்தச் சொல்லைச் சேர்ந்ததே. பாழான தேசத்தைக் கடந்து போகிறவன் தலையைத் துலுக்குவான் என்று எரேமியா 18:16 சொல்லுகிறபோது இந்த வினைதான் வருகிறது. ஆனால் துக்க வீட்டில் போய் உட்கார்ந்து, துக்கப்படுகிறவனோடு சேர்ந்து தலையை ஆட்டிப் பரிதபிப்பதற்கும் இதே வினைதான். நம் தாய்மார் இழவு வீட்டில் ஒருவரையொருவர் தோளில் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இகழ்கிற தலையும் இரங்குகிற தலையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

யோபுவின் மூன்று சிநேகிதரும் ஏன் வந்தார்கள்? 2:11-ஐ எபிரெயத்தில் பார்த்தால், யோபுவுக்காக 'நூத்' செய்யவும் ஆறுதல் சொல்லவும் வந்தார்கள். வந்து, ஏழு நாள் இராப்பகலாய்த் தரையில் அவனோடே உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நோயாளியைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி நமக்குத் தெரியாது. பிறகு பேசத் தொடங்கினார்கள். எலிப்பாஸ் பேசினான், பில்தாத் பேசினான், சோப்பார் பேசினான். பேசப்பேச, 'இது உன் பாவத்தின் பலன்' என்பது மேலும் மேலும் வெளியே வந்தது. 16-ம் அதிகாரத்துக்கு வரும்போது யோபு அவர்களைப் பார்த்து, நீங்கள் என் இடத்தில் இருந்தால் நானும் உங்களைப்போல வார்த்தைகளை அடுக்கி உங்கள்பேரில் தலையைத் துலுக்கக்கூடும் என்கிறான். இங்கே வருகிற வினைச்சொல் வேறு. ஆனால் இரங்குவதற்காக வந்த தலைகள் பரியாசத் தலைகளாய் மாறிவிட்டதை அவன் கண்டுகொண்டான். அதே அதிகாரத்தின் 10-ம் வசனத்தில், திறந்த வாய்களும் கன்னத்தில் விழுகிற அடியும் வருகின்றன.

சிநேகிதர் கெட்ட எண்ணத்தோடு புறப்படவில்லை. தூரத்திலிருந்து, செலவு செய்து, ஒருவரோடொருவர் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள். அதுதான் நம்மைக் கலங்கவைக்கிறது.

சங்கீதம் 69:20-ஐ இதோடு சேர்த்து வாசியுங்கள். நிந்தையினால் இருதயம் நொறுங்கிப்போன ஒருவர், தமக்காகப் பரிதபிக்கிற ஒரு ஆளையாவது எதிர்பார்த்ததாகவும், ஒருவரும் கிடைக்கவில்லை என்றும் சொல்லுகிறார். எதிர்பார்த்தது 'நூத்'. அடுத்த வசனத்தில் அவருக்குக் காடி கொடுக்கிறார்கள். சுவிசேஷங்கள் காடியைச் சிலுவையண்டையில் காட்டுகின்றன. தலை துலுக்கினவர்களையும் அங்கேயே காட்டுகின்றன.

எச்சில்

துப்புவது பழைய ஏற்பாட்டில் மிகக் கடைசி நிலையான அவமானம். சகோதரன் வீட்டைக் கட்டமாட்டேன் என்கிறவனுடைய பாதரட்சையைக் கழற்றி, அவன் முகத்திலே துப்பவேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 25:9). யோபுவின் தோல் புண்பட்டபோது, தெருப்பையன்கள் அவன் முகத்துக்கு நேராய்த் துப்பக் கூசவில்லை (30:10). ஏசாயா 50:6-ல் கர்த்தருடைய தாசன் அதற்கு முகத்தை மறைக்கவில்லை.

மிரியாமின் காரியம் எங்களுக்கு மிகவும் நெருங்கினது. அவள் தேகம் உறைந்த மழையைப்போல வெண்மையானபோது, தகப்பன் முகத்தில் துப்பினாலே ஒரு பெண் ஏழு நாள் வெட்கப்பட்டிருப்பாளே என்ற நியாயம் சொல்லப்பட்டு, அவள் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே விலக்கப்பட்டாள் (எண்ணாகமம் 12:14). நம் பழைய மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் என்றிருக்கிற எபிரெயச் சொல் பலவகைத் தோல்நோய்களுக்கும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் பிடிக்கிற பூசணத்துக்கும் பொதுவானது (லேவியராகமம் 13, 14). அது இன்று நாம் தொழுநோய் என்கிற நோயேதான் என்று சொல்ல முடியாது. இருந்தும், அந்த ஒரு சொல் நூற்றாண்டுகளாக எத்தனை பேரைப் பாளயத்துக்கு வெளியே நிறுத்திற்று! இன்னொன்றையும் கவனியுங்கள். மிரியாம் திரும்பச் சேர்க்கப்படும்வரைக்கும் ஜனங்கள் பிரயாணம் பண்ணவில்லை. ஒரு நோயாளிக்காக முழுப் பாளயமும் காத்திருந்தது. 15-ம் வசனத்தைப் பற்றி நாம் ஏன் அதிகம் பிரசங்கிப்பதில்லையோ தெரியவில்லை.

1980-களில் தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நம் நாடு 2005 முடிவில் எட்டியது. ஆனால் தொழுநோயைக் காரணம் காட்டி மணவாழ்வை முறிக்கலாம் என்ற விதி 2019-ல்தான் சட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டது. அப்படித் திருத்தப்பட்ட சட்டங்களில், கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டமும் ஒன்று. உணர்ச்சியற்ற தேமல் தோன்றினவுடன் வருகிறவர் விரல்களோடு வீடு திரும்புகிறார். ஊர் என்ன சொல்லுமோ என்று முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவைத்து, நரம்பு கெட்டபிறகு வருகிறவருக்கு, மாத்திரை கிருமியைக் கொல்லும், இழந்த உணர்ச்சியை முழுவதும் திருப்பித் தராது. அந்த விரல்களைத் தின்றதில் பரியாசத்துக்கும் பங்கு உண்டு.

மாற்கு எழுதின சுவிசேஷத்தில் எச்சில் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். ஆண்டவர் கொன்னைவாயுடைய செவிடனைக் குணமாக்கும்போது உமிழ்ந்து அவன் நாவைத் தொட்டார் (7:33). பெத்சாயிதாவில் குருடனுடைய கண்களில் உமிழ்ந்து கைகளை வைத்தார் (8:23). 10:34-ல், தம்மேல் துப்புவார்கள் என்று முன்னறிவித்தார். ஆலோசனைச் சங்கத்தார் முன்னிலையில் துப்பினார்கள் (14:65). ரோமச் சேவகரும் துப்பினார்கள் (15:19). அக்காலத்தில் உமிழ்நீருக்கு மருந்துக் குணம் உண்டென்று பலர் நம்பினார்கள் என்பது உண்மை. காசநோய்க்குப் பயந்து 'எச்சில் துப்பாதீர்' என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருக்கிற நாங்கள் அந்தச் சிகிச்சையைச் சிபாரிசு செய்யப்போவதில்லை. ஆனால் ஊரார் அவமானத்துக்கு வைத்திருந்ததை அவர் சுகத்துக்கு எடுத்தார். அவர் முகத்துக்கு அதை ஊரார் அவமானமாகவே திருப்பிக் கொடுத்தார்கள்.

கூட்டத்தை விலக்குதல்

அந்த இரண்டு அற்புதங்களிலும் ஒரு ஒற்றுமை உண்டு. செவிடனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போனார். குருடனைக் கையைப் பிடித்துக் கிராமத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். யவீருவின் வீட்டிலோ கூட்டம் அறைக்குள்ளேயே இருந்தது. பிள்ளை நித்திரையாயிருக்கிறாள் என்றபோது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள்தான் அடுத்த நிமிஷம் சிரித்தார்கள்! அவர் அவர்களோடு தர்க்கம் பண்ணவில்லை. எல்லாரையும் வெளியே அனுப்பினார். தகப்பன், தாய், தம்மோடிருந்த மூவர், இவர்களை மட்டும் வைத்துக்கொண்டார் (மாற்கு 5:40). பார்வையாளர் நேரம் முடிந்தபிறகும் கட்டிலைச் சுற்றி நிற்கிற பத்துப் பேரை எங்கள் நர்ஸ் அம்மாமார் வெளியே அனுப்பும்போது கோபித்துக்கொள்ளுகிறவர்கள் இந்த வசனத்தை நினைத்துக்கொள்ளலாம். காயத்துக்குக் கட்டு மாற்றும்போது கட்டிலைச் சுற்றி ஸ்கிரீன் இழுத்துவிடுகிறார்களே, அதுவும் பெத்சாயிதாவுக்கு வெளியே போவதுதான்.

அம்மோன் ராஜாவாகிய ஆனூன், துக்கம் விசாரிக்க வந்த தாவீதின் ஆட்களைப் பிடித்து, ஒருபக்கத்துத் தாடியைச் சிரைத்து, வஸ்திரங்களை இடுப்புவரைக்கும் கத்தரித்து அனுப்பிவிட்டான் (2 சாமுவேல் 10). யுத்தம் பிறகுதான் வந்தது. தாவீது முதலாவது செய்தது என்ன? அவர்கள் எருசலேமுக்கு வரும் முன்பே எதிரே ஆள் அனுப்பி, தாடி வளரும்வரை எரிகோவிலே இருங்கள் என்றான். அவமானம் கண்ணுக்குத் தெரிகிறமட்டும் ஊருக்குள் வரவேண்டியதில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த ஒரு அம்மா இங்கே இருந்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியாயிற்று, அவர்கள் போகவில்லை. முடியெல்லாம் கொட்டிவிட்டது. 'வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டேன் என்று பொய் சொல்லவா, ஐயா? நான் திருமண்டலத்து அங்கத்தினராயிற்றே' என்று கேட்டார்கள். நம்மால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவர்களும் சிரித்துவிட்டார்கள். உங்கள் காணிக்கைகளால் நடக்கிற, நோயாளிகளின் உறவினர் தங்கும் விடுதியில் அவர்களுக்கு ஒரு அறை கொடுத்தோம். நான்கு விரல் அகலம் முடி வளர்ந்தபிறகு ஊருக்குப் போனார்கள்.

ராஜ வேடம்

சிவப்பு அங்கி, முள்முடி, வலதுகையில் கோல், முழங்கால்படியிடுதல். பிலாத்துவின் சேவகர் செய்தது ஒரு நாடகம். பணிவின் சைகைகளையே எடுத்துப் பரியாசத்துக்குத் திருப்பினார்கள். இது அவர்களாக அன்று கண்டுபிடித்த விளையாட்டு அல்ல என்று எண்ண இடமுண்டு. கி.பி. 38-ல், எகிப்தின் அலெக்சந்திரியா பட்டணத்தில் நடந்த ஒன்றை, அங்கே வாழ்ந்த யூத ஞானியாகிய பிலோ எழுதிவைத்திருக்கிறார். யூதருடைய ராஜாவாகிய அகிரிப்பா அந்தப் பட்டணத்துக்கு வந்திருந்தான். அவனை ஏளனம் செய்ய விரும்பின கூட்டத்தார் கராபாஸ் என்ற ஒருவனைப் பிடித்தார்கள். அவன் சித்தம் கலங்கினவன். யாருக்கும் தீங்கு செய்யாத சாது. வெயிலோ குளிரோ துணியில்லாமல் வீதியில் கிடப்பான். வேலையில்லாத பையன்களுக்கு அவன் ஒரு விளையாட்டுப் பொருள். அவனை உயரமான இடத்தில் நிறுத்தி, நாணற்புல் தாளைக் கிரீடமாய்த் தலையில் வைத்து, தரைவிரிப்பை அங்கியாய்ப் போர்த்தி, வழியில் கிடந்த நாணல் துண்டைச் செங்கோலாய்க் கையில் கொடுத்தார்கள். வாலிபர் தடிகளைத் தோளில் சாய்த்து மெய்க்காவலர் ஆனார்கள். சிலர் வணங்கினார்கள், சிலர் வழக்குத் தீர்க்கும்படி கேட்டார்கள். கூட்டம் 'மாரின்' என்று கத்திற்று. ஆண்டவன் என்பதற்குச் சீரியரின் சொல் அது.

அதன்பின் கராபாஸ் என்ன ஆனான் என்று பிலோ சொல்லவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய வேறு பெரிய காரியங்கள் இருந்தன. அகிரிப்பாவை அவமதிக்க ஒரு மனநோயாளி உபயோகப்பட்டான், அவ்வளவுதான். மனநல வார்டில் நற்செய்தியின் இந்தப் பகுதியை வாசிக்கிறபோதெல்லாம், ஆண்டவர் அன்று நின்ற இடம் கராபாஸ் நின்ற இடம் என்பதை நினைக்கிறோம். ராஜாக்களுக்கு யாரும் நாணலைக் கையில் கொடுப்பதில்லை.

மூக்கும் விரலும்

லூக்கா இரண்டு இடங்களில் ஒரு அபூர்வமான கிரேக்க வினையைப் பயன்படுத்துகிறார். மூக்கு என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. மூக்கைச் சுளிப்பது என்று நாம் சொல்லலாம். சங்கீதம் 22-ன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே வினை உண்டு. சிலுவையடியில் அதிகாரிகள் அப்படிச் செய்தார்கள் (23:35). அதற்குமுன் 16:14-ல், பணத்தைக் குறித்து ஆண்டவர் போதித்தபோது, பொருளாசையுள்ள பரிசேயர் அப்படிச் செய்தார்கள். உடனே அவர் சொன்ன உவமை எது? வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த லாசரு. அவனுடைய புண்களுக்கு அருகே போனவை நாய்கள் மட்டுமே.

ஏசாயா 58-ம் அதிகாரம் காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு நன்றாய்த் தெரிந்த அதிகாரம். பசியுள்ளவனுக்கு ஆகாரம், வீடில்லாதவனுக்கு வீடு, வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம். நம்முடைய வேண்டுகோள் கடிதங்களிலும் அதை எடுத்து எழுதுவது உண்டு. அதன் 9-ம் வசனத்தில், நுகத்தடியோடு சேர்த்து அகற்றவேண்டியதாக 'விரல் நீட்டுதல்' சொல்லப்படுகிறது. அடுத்த வசனம் பசியுள்ளவனிடத்தில் மனம் இரங்கும்படி சொல்லுகிறது. ஆகாரத்துக்குச் சற்று முன்னால் விரல் நிற்கிறது. நாம் வாசிக்கும்போது விரலைத் தாண்டி ஆகாரத்துக்குப் போய்விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையிலிருந்து ஒரு குழுவினர் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள், பேருந்துக்குக் கைப்பணம் செலவழித்தவர்கள். கட்டில் கட்டிலாகப் பழத்தை வைத்துக்கொண்டு வந்தபோது ஒருவர் விரலை நீட்டி, 'இவருக்கு என்ன வியாதி?' என்று நம்மிடம் கேட்டார். கட்டிலில் இருந்தவர் பள்ளிக்கூடத்து ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். காது நன்றாய்க் கேட்கும். 'எப்படி வந்தது?' என்று அடுத்த கேள்வி. 'குடியா?' என்று மூன்றாவது. அவர் சுவர்ப்பக்கமாய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நாம் போனபோதும் பழங்கள் தொடாமல் அப்படியே இருந்தன. சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இதை எழுதுவதால் யாரும் மருத்துவமனைக்கு வராமல் நின்றுவிடவேண்டாம். வாருங்கள். கட்டிலருகே ஸ்டூல் இருக்கும், அதில் உட்காருங்கள். கேட்கவேண்டியதை அவரிடமே கேளுங்கள், வியாதியைத் தவிர வேறு எதையாவது கேளுங்கள். அந்த ஆசிரியர் முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தினவர் என்று நமக்குத் தெரிந்ததே, அந்தப் பழங்களைப் பற்றிப் பேசப்போன அன்றுதான். கேட்டவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

யோபுவின் கடைசி அதிகாரம்

யோபுவை 16-ம் அதிகாரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அவன் சிறையிருப்பு மாறினபிறகு, 42:11-ல், அவனுடைய சகோதரர், சகோதரிகள், முன் அறிமுகமானவர்கள் எல்லாரும் வருகிறார்கள். இவர்கள் யார் என்பதை 19-ம் அதிகாரம் சொல்லியிருக்கிறது. நோயில் கிடந்தபோது தூரமாய்ப் போனவர்கள், மறந்துபோனவர்கள். இப்போது வெட்கத்தோடுதான் வந்திருக்கவேண்டும். வந்து, அவன் வீட்டிலே அவனோடே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு எபிரெயத்தில் 2:11-ல் வந்த அதே இரண்டு வினைகளும் அதே வரிசையில் வருகின்றன. அவனுக்காக 'நூத்' செய்தார்கள், ஆறுதல் சொன்னார்கள். முதல் மூவர் தொடங்கி முடிக்காமற்போன வேலை இங்கே முடிகிறது.

அதன்பின்தான் காணிக்கை. ஒவ்வொருவரும் ஒரு பொன் ஆபரணமும் ஒரு காசும் கொடுத்தார்கள். அந்தக் காசின் எபிரெயப் பெயர் 'கெசீத்தா'. வேதத்தில் அது இன்னும் இரண்டு இடங்களில் மட்டும் வருகிறது, இரண்டும் ஒரே நிலத்தைப் பற்றியவை. சீகேமிலே யாக்கோபு கூடாரம் போட்ட நிலத்தை நூறு கெசீத்தாவுக்கு வாங்கினான் (ஆதியாகமம் 33:19, யோசுவா 24:32). அப்படியானால் யோபுவின் உறவினர் ஆளுக்குக் கொடுத்தது, ஒரு கூடாரம் போடுகிற நிலத்தில் நூற்றில் ஒரு பங்கு. மேசையில் அவனோடு சாப்பிட்டு எழுந்த பிறகு, அதைக் கொடுத்தார்கள்.